ஜவ்வரிசிக் களத்தில் மதிப்பெண் போடக் கற்றுக்கொண்டேன்

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு மதிப்பெண் போடுவது எனக்குப் பல வருடம் எளிதான வேலையாக இருந்தது. கருவி ஓடுகிறதா, ரிப்போர்ட் பைண்டிங் ஆகிவிட்டதா என்று பார்ப்பேன். இரண்டும் சரி என்றால் குழுவில் ஐந்து பேருக்கும் தொண்ணூறுக்கு மேல். ஒருமுறை, நன்றாக ஓடிய ஒரு கருவியின் மூடியைக் கழற்றி, "இந்த ரெசிஸ்டர் எதுக்குப்பா?" என்று கேட்டேன். ஐந்து பேரும் தலை குனிந்து நின்றார்கள். கடையில் விலைக்கு வாங்கியது. கோபம் வந்தது உண்மைதான். ஆனால் ஓடுகிற கருவியைத்தானே நான் கேட்டேன், அதைத்தானே கொண்டுவந்து வைத்தார்கள் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

அடுத்த வருடம் துறையில் பேசி, ஒரு குழுவை சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிக்கு அனுப்பினேன். மூன்று நாள் எதுவும் செய்யக் கூடாது, பார்த்து எழுதிக்கொண்டு மட்டும் வர வேண்டும் என்றேன். மரவள்ளிக்கிழங்கைத் தோல் உரித்து அரைப்பது, பாலைத் தொட்டியில் படியவிடுவது, மாவைக் குருணையாக உருட்டுவது, வறுப்பது, சிமெண்ட் களத்தில் காயவைப்பது என எல்லாம் பார்த்தார்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை அறிந்தவர்கள்தான். களத்தில் கால் வைத்தது அன்றுதான்.

எப்போது அள்ளுவது என்பதுதான் அங்கே சிக்கல். ஈரம் மிச்சமிருந்தால் மூட்டையில் பூஞ்சை பிடிக்கும். களத்தில் வேலை செய்த அக்கா நாலு ஜவ்வரிசியைப் பல்லில் கடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கட்டும் கண்ணு" என்றாராம். பையன்கள் அதை அப்படியே நோட்டில் எழுதி வந்தார்கள். அந்தக் கடியை எண்ணாக மாற்ற முடியுமா என்பதே ப்ராஜெக்ட் ஆனது.

மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்க உதவும் என்பதைச் சொல்லும் எண் மின்கடவாமாறிலி (டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட்). தண்ணீருக்கு அது ஏறக்குறைய 80, காய்ந்த மாவுக்கு அதில் சிறு பங்குதான். அதனால் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஜவ்வரிசியை நிரப்பி மின்தேக்குத்திறனை (கெபாசிட்டன்ஸ்) அளந்தால் ஈரம் தெரியும். லேபில் அர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டை வைத்துச் செய்தார்கள். 105 டிகிரி ஓவனில் உலர்த்தி எடைபோட்ட கணக்கோடு ஒத்துப்போனது. களத்துக்குக் கொண்டுபோனதும் அளவு தாறுமாறாக வந்தது. ஒரே ஜவ்வரிசியை இரண்டு முறை நிரப்பினால் இரண்டு எண்.

இரண்டு வாரம் இதிலேயே போனது. அப்புறம் ஒரு மாணவி எழுதினாள்: "இன்று விரலால் அழுத்தி நிரப்பினேன், எண் ஏறியது. நேற்று சும்மா கொட்டினேன்." அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஒரே உயரத்தில் புனல் வைத்துக் கொட்டினார்கள், அந்தப் பிரச்சினை தீர்ந்தது. வெயிலில் சுட்ட ஜவ்வரிசிக்கு வேண்டிய வெப்பத் திருத்தம் மட்டும் கடைசிவரை பாதியில் நின்றது.

இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது? நோட்டுக்கு 40, தனித்தனி வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) 30, கருவிக்கு 20, கூட வேலை செய்தவர்கள் தருவதற்கு 10 என்று பிரித்தேன். தப்பாய்ப் போனதை எழுதினால் குறைக்க மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன். ஆனாலும் முதல் மாதம் எல்லா நோட்டிலும் நல்ல செய்திதான். என் எம்.இ. ப்ராஜெக்ட் நோட்டை, அடித்துத் திருத்திய பக்கங்களோடு, வகுப்பில் சுற்றுக்கு விட்ட பிறகுதான் உண்மை எழுதத் தொடங்கினார்கள். கூட்டாளிக்கான பத்தை ஒருவருக்கொருவர் முழுசாகப் போட்டுக்கொண்டார்கள். இரண்டாவது முறை, கூட்டாளி செய்த ஒரு வேலையைக் குறிப்பிட்டு எழுதித் தனியாக என்னிடம் தரச் சொன்னேன். வாய் திறக்காத ஒரு பையன்தான் தினமும் ஓவனில் உலர்த்தி எடைபோட்டான் என்பது நாலு தாளிலும் இருந்தது.

துறைக் கூட்டத்தில், "கருவி முழுசா ஓடலையே, எப்படி மேடம் 88?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கல்வியியல் அறிஞர் டேவிட் கோல்ப் 1984-இல் எழுதிய கற்றல் சுழற்சியைச் சொன்னேன்: அனுபவம், அதை அசைபோடுவது, கருத்தாக்குவது, மறுபடி செய்துபார்ப்பது. இதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தவள் நான். என் மாணவர்கள் ஒரு புனலை வைத்து அதைச் செய்திருந்தார்கள். அப்புறம் எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று நான் எழுதி வைத்த ரூப்ரிக்கைக் காட்டினேன். "பிழை எங்கிருந்து வருகிறது என்று ஊகித்து, சோதித்துக் காட்டினார்" என்பதற்குத்தான் அதில் உச்ச மதிப்பெண். நோட்டையும் கையில் கொடுத்தேன். தேதியோடு எல்லாம் இருந்ததால் ஒப்புக்கொண்டார்கள்.

வேலை கூடுதல்தான், மறைக்க மாட்டேன். முப்பது பேருக்கு ஆளுக்கு இருபது நிமிடம் வைவா என்றால் பத்து மணி நேரம். நோட்டு படிக்கத் தனியாக ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இரண்டு குழுக்கள் வேறு யாரோ எழுதியதைப் பார்த்து எழுதின, வைவாவில் தெரிந்துவிட்டது.

வெப்பத் திருத்தம் பாதியில் நின்ற பக்கத்தில் அந்த மாணவி நாலு அளவுகளைக் குறித்து, கீழே "காலை ஏழு மணிக்கும் எடுக்க வேண்டும்" என்று எழுதி வைத்திருந்தாள். இந்த வருட பேட்ச் அந்த நோட்டை வாங்கிக்கொண்டு, போன வாரம் ஆறரை மணிக்கே களத்துக்குப் போய்விட்டது.