கண்டுபிடித்தது நோயை இல்லை, ஃபிரிட்ஜை

அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு நோய்க்கு ரத்தத்தில் அடையாளப் புரதம் தேடிக்கொண்டிருந்தேன். ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால், நோயாளிகளின் பிளாஸ்மாவில் (ரத்த அணுக்களைப் பிரித்த பின் மேலே நிற்கும் திரவம்) முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் ஏறியிருந்தன. கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்தாயிற்று.

அப்புறம்தான் பட்டியலை நிதானமாகப் படித்தேன். பிளேட்லெட் ஃபேக்டர் 4. த்ரோம்போஸ்பான்டின் 1. பிபிபிபி. அத்தனையும், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் என்ற சின்ன அணுவுக்குள் பொதிந்து கிடக்கும் சரக்கு. வயிற்றில் புளியைக் கரைத்தது.

மாதிரி எடுத்த இடத்துக்கு ஓடினேன். நோட்டில் ரத்தம் எடுத்த நேரம் இருந்தது. அணுக்களைப் பிரிக்க வேகமாகச் சுற்றும் சென்ட்ரிஃபியூஜில் போட்ட நேரத்துக்கான கட்டம், நோயாளிகள் பக்கத்தில் மட்டும் வரிசையாகக் காலி. டெக்னீஷியன் சாதாரணமாகச் சொன்னார்: “சாயங்காலம் வர்ற டியூபை ஃபிரிட்ஜுல வெச்சுட்டு காலையில சுத்துவோம் மேடம். குளிர்ல இருந்தா கெடாதுல்ல?”

அவரைக் குறை சொல்ல மாட்டேன், எழுதிக் கொடுக்காதது நான். பிரிக்காத ரத்தத்தைக் குளிரில் வைத்தால் பிளேட்லெட்கள் தூண்டப்பட்டு உள்ளிருப்பதை வெளியே கொட்டிவிடும். ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தையோ நானே அரை மணிக்குள் சுத்தியிருந்தேன். தாமதம் முழுக்க ஒரே குழுவில். நோய் எது, ஃபிரிட்ஜ் எது என்று எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது.

போதாததற்கு, சில டியூபை வெள்ளைத்தாள் முன் பிடித்தால் லேசான ரோஜா நிறம். ஹீமோலைசிஸ், அதாவது சிவப்பணு உடைந்து உள்ளிருப்பது கசிவது. நிறம் தெரியாத டியூபையும் நம்பாதீர்கள்: ஹீமோகுளோபின், கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 1, பெராக்சிரெடாக்சின் 2, கேட்டலேஸ் எல்லாம் கைகோத்து ஏறினால் உடைந்தது சிவப்பணுதான். பிளேட்லெட், சிவப்பணு, உறைதல் மூன்றுக்கும் இப்படி அடையாளப் புரதப் பட்டியலை புரத ஆய்வாளர் மத்தியாஸ் மன் குழுவினர் 2019லேயே வெளியிட்டிருக்கிறார்கள். படிக்காமல் விட்டது என் கொழுப்பு.

பற்றாக்குறையான மாதிரிகளுக்குப் பதில் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் மிஞ்சும் திரவம்) வைத்து ஒப்பேற்றலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். உறையும்போது, உறைகட்டியாக மாறும் புரதமான ஃபைப்ரினோஜன் தீர்ந்துவிடும், பிளேட்லெட்டும் காலியாகிவிடும். பிளாஸ்மாவையும் சீரத்தையும் கலந்தால் இன்னொரு பொய்க் கண்டுபிடிப்பு தயார்.

மொத்தமும் மறுபடி எடுத்தேன். இரு குழுவுக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஒரே வகை இடிடிஏ டியூப். எடுத்ததும் குலுக்காமல் மெல்ல 8 முதல் 10 தடவை கவிழ்த்து, அறை வெப்பத்திலேயே வைத்து அரை மணிக்குள் சுத்தல். மேலிருந்து உறிஞ்சும்போது வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் தங்கும் வெள்ளைப்படலத்துக்கு மேல் அரை சென்டிமீட்டர் பிளாஸ்மாவை விட்டுவிடுங்கள். கை துறுதுறுக்கும், ஆசைப்படாதீர்கள். எடுத்ததை இன்னொரு தடவை சுத்தி, உருக்கி உறைய வைக்கும் வேலை வராதபடி சின்னச் சின்னதாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்தேன். புரதத்தைத் துண்டாக்கும் டிரிப்சின், துண்டுகளை அளந்து புரதத்தை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக் எல்லாம் வழக்கம்போல முடிந்தன.

முப்பது சொச்சத்தில் தங்கியது நான்கு. அதில் ஒன்று சி-ரியாக்டிவ் புரதம். அழற்சியில் அது ஏறும் என்று சொல்ல மாஸ் ஸ்பெக்கே தேவையில்லை. மிச்சம் மூன்றையும் இப்போது புது மாதிரிகளில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தலைப்பு இன்னும் யோசிக்கவில்லை.