பனை விதை ஊன்றிய பிறகு: ஆவணி முதல் அடுத்த ஆடி வரை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. சாய்ந்த தென்னைகளின் கணக்கு லட்சங்களில் போனது. அதே தோப்புகளின் வேலியோரத்துப் பனைகள் மட்டை கிழிந்தாலும் பெரும்பாலும் நின்றன. அதைப் பார்த்த பிறகு ஏரிக்கரை, குளக்கரை, வாய்க்கால் ஓரமெல்லாம் பனை விதை ஊன்றும் ஆர்வம் கூடியது. ஊன்றியவர்களில் பலர் மாசியில் வந்து பார்த்து, வெறும் தரை தெரிவதால் மனம் விட்டுப்போகிறார்கள். சிலர் தோண்டிப் பார்த்து, உயிரோடு இருந்த முளையை மண்வெட்டியால் அறுத்தும் விடுகிறார்கள். அந்த வெறும் தரை மாதங்களில் உள்ளே என்ன நடக்கிறது என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

ஆவணி, புரட்டாசி. மரத்திலிருந்து தானாக விழுந்த பழங்களை மட்டும் எடுக்க வேண்டும். வெட்டி இறக்கிய பழத்தில் கொட்டை முற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது. நிழலில் ஒரு வாரம் குவித்து வைத்தால் சதை நெகிழும். பிசைந்து கழுவினால் கொட்டை பிரிந்துவிடும். ஒரு பழத்தில் ஒன்றிலிருந்து மூன்று கொட்டை வரை இருக்கும். தண்ணீரில் மிதப்பவற்றையும், புழுத்துளை உள்ளவற்றையும் கழித்துவிடுங்கள். மிச்சத்தை நிழலில் உலர்த்தி, ஒரு மாதத்துக்குள் ஊன்றிவிட வேண்டும். வெயிலில் காயப்போட்டு மாதக்கணக்கில் மூட்டையில் கட்டி வைத்த விதைகளில் பாதிக்கு மேல் வீணாவது வழக்கம்.

குழி ஓர் அடி ஆழம் போதும். ஆனால் அதற்குக் கீழே இன்னும் ஓர் அடிக்குக் கடப்பாரையால் மண்ணை நெகிழ்த்திவிடுவது நல்லது. களிமண்ணாக இருந்தால் ஒரு சட்டி மணல் கலந்துவிடுங்கள். கொட்டையின் கண் கீழே பார்க்க வைத்து, மேலே நாலு விரல் மண் மூடினால் ஆயிற்று. கண் எதுவென்று தெரியாவிட்டால் படுக்க வைக்கலாம், முளை தானே வளைந்து கீழே திரும்பிக்கொள்ளும். மரத்துக்கு மரம் பத்தடி இடைவெளி. கரையின் உச்சியில் ஊன்றினால் நாளை பாதை போடும்போது போய்விடும். நீர்ப்பரப்பை ஒட்டி ஊன்றினால் தூர்வாரும் இயந்திரம் அள்ளிவிடும். வெளிச்சரிவின் நடுப்பகுதிதான் பாதுகாப்பு. மழைநீர் வாரக்கணக்கில் தேங்கும் பள்ளம் வேண்டாம். வளர்ந்த பனை வெள்ளத்தில் நிற்கும், முளைக்காத கொட்டை அழுகிவிடும்.

இதே நாளில், இதே விதைக் குவியலிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கிழங்குப் பாத்தியும் போட்டுவிடுங்கள். தரைக்கு மேல் இரண்டடி உயரத்துக்கு மணல் கலந்த மண்ணைக் குவித்து, அதன்மேல் கொட்டைகளை நெருக்கமாகப் பரப்பி மண் மூடினால் பாத்தி தயார். கரையில் ஊன்றிய குழிகளைத் தொடாமலே உள்ளே நடப்பதை அறிய இதைவிட நல்ல வழி இல்லை. பாத்தியில் முளைத்திருந்தால், கரையிலும் முளைத்திருக்கும் என்று நம்பலாம்.

ஐப்பசி, கார்த்திகை. பாத்தியின் ஓரத்தைக் கையால் விலக்கிப் பார்த்தால், கண்ணிலிருந்து விரல் தடிமனில் ஒரு குழல் கீழே இறங்கியிருப்பது தெரியும். மற்ற பல விதைகள் முளைத்ததும் குருத்தை வெளிச்சத்துக்கு அனுப்பும். பனை தன் குருத்தை அந்தக் குழலின் அடி நுனியில் வைத்து மண்ணுக்குள் இறக்குகிறது. ஓரடி, ஒன்றரையடி, மணலாக இருந்தால் இன்னும் கீழே. கொட்டையைப் பிளந்தால், உள்ளே கெட்டியாக இருந்த பருப்பு கரைந்து, வெள்ளைப் பஞ்சாகத் தவுண் நிரம்பியிருக்கும். யாழ்ப்பாணத்தில் இதைப் பூரான் என்பார்கள். அதன் வழியாகத்தான் கொட்டையின் சேமிப்பு முழுவதும் குழலில் இறங்குகிறது. இந்தக் குழல் அறுந்தால் செடி பட்டினி கிடந்து சாகும். பாலித்தீன் பையில் வளர்த்த கன்றுகள் நட்டதும் பட்டுப்போவது இதனால்தான். பையின் அடியைக் குழலும் வேரும் துளைத்துத் தரைக்குள் போயிருக்கும், தூக்கும்போது ஒடிந்துவிடும். பை வேண்டுமென்றால் இரண்டடி நீளமாவது வேண்டும். நேரடியாக ஊன்றுவதே எங்கள் பரிந்துரை.

தை. பாத்தியைப் பிரிக்கும் மாதம். கிழங்கை அவித்துப் பிளந்தால் நடுவில் ஒரு மெல்லிய பீலி இருக்குமே, நாம் உருவி எறிவது, அதுதான் மரமாக வேண்டிய குருத்து. சுற்றியுள்ள மாவு முழுக்க அதற்காகச் சேர்த்த உணவு. பாத்திக் கிழங்கைச் சாப்பிடலாம். கரையில் ஊன்றியதைத் தோண்ட வேண்டாமென்று ஊரில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காட்டுப்பன்றி இருக்கும் பகுதியில் இந்த மாதத்தில்தான் சேதம் அதிகம், கிழங்கு வாசனைக்குக் கரையையே உழுதுவிடும். ஒவ்வொரு குழியின்மேலும் கருவேல முள்ளைப் போட்டுக் கல் வைத்து அழுத்துவது ஓரளவு தடுக்கிறது. கல் அடையாளமாகவும் இருக்கும்.

மாசி முதல் வைகாசி வரை மேலே புல்கூடக் காய்ந்துவிடும். இந்த மாதங்கள்தான் மனத்தைச் சோதிப்பவை. குருத்தும் கிழங்கும் வெயில் சுடாத ஆழத்தில் இருக்கின்றன, வேர் அதற்கும் கீழே ஈரத்தைத் தேடிப் போகிறது. மழை அடியோடு பொய்த்த ஆண்டானால் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றலாம், மற்றபடி விட்டுவிடலாம். இது கண்மூடித்தனமான நம்பிக்கை இல்லை, தையில் பாத்தி கையில் கொடுத்த சாட்சி இருக்கிறது.

ஆனி, ஆடி. ஈட்டி போல ஒற்றை இலை தரையைக் கிழித்துக்கொண்டு வரும். விசிறி மடிப்பு எதுவும் இருக்காது, கோரை என்று நினைத்துக் களையோடு பிடுங்கிவிடுகிறார்கள். சில குழிகளில் இது அடுத்த கார்த்திகை வரைகூடத் தள்ளிப்போகும். ஆடு கடித்தாலும், காய்ந்த புல்லில் தீ ஓடினாலும், குருத்து கீழே இருப்பதால் மறு இலை வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் அது சேமிப்பிலிருந்துதான் வர வேண்டும். தொடர்ந்து கடிபட்டால் வடலி, அதாவது இளம்பனை, மெலிந்து போகும். முதல் இரண்டு ஆண்டு முள்ளடைப்பு அவசியம்.

அடிமரம் மேலே தெரியச் சில ஆண்டுகள் ஆகும், பாளை விடப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல். அதுவரை ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. செய்யாற்றுத் திருவோத்தூரில் சம்பந்தர் பாடி ஆண்பனைகள் காய்த்தன என்கிறது தலவரலாறு. அந்த வரம் நமக்கு இல்லாததால், நுங்கு வேண்டுபவர்கள் ஒன்றிரண்டோடு நிறுத்தாமல் வரிசையாக ஊன்றுங்கள். இரண்டாம் ஆவணியிலும் இலை காட்டாத குழிகளில் மட்டும் புதுக் கொட்டை போடலாம். பழைய குழியைக் கிளறாமல், ஒரு முழம் தள்ளி.