அறுபத்து மூவர் பாக்க அம்மாவ கூட்டிட்டுப் போனது

அம்மாவுக்கு 74 வயசு. மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துல பொறந்து, அங்கயே மரம் சீவி எங்கள வளத்தவங்க, இப்ப டவுன்ல என்னோட இருக்காங்க. அவங்களுக்கு ரொம்ப வருஷமா ஒரே ஆசைதான், மயிலாப்பூர்ல அறுபத்து மூணு நாயன்மாரும் வீதி உலா வர்ற அறுபத்து மூவர் விழாவ ஒரு தடவ கண்ணால பாத்துடணும். காசி, ராமேஸ்வரம் எதுவும் கேக்கல.

இதுக்குக் காரணம் எங்க தாத்தா. ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடியே ரஜூலா கப்பல்ல வந்தவரு. மெட்ராஸ்ல கப்பல் ஏறுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மயிலாப்பூர் போயி கபாலீஸ்வரர கும்பிட்டு, திரும்பி வந்து பங்குனி திருவிழா பாக்குறேன் சாமின்னு சொல்லிட்டு வந்தாராம், ஆனா திரும்பிப் போகவே இல்ல, தோட்டத்துலயே போய்ச் சேந்துட்டாரு. சாயங்காலத்துல மாரியம்மன் கோயில் திண்ணைல லயத்துப் பிள்ளைங்கள, அதான் தோட்டத்து வரிசை வீட்டுப் பிள்ளைங்கள உக்கார வச்சு தேவாரம் சொல்லிக் குடுப்பாராம், அதுல அம்மாவுக்கு மனசுல நின்னது சம்பந்தர் பாடுன பூம்பாவை பதிகம். மயிலாப்பூர் சிவநேசர் மக பூம்பாவை பாம்பு கடிச்சு செத்துப் போயி, எலும்பும் சாம்பலும் குடத்துல இருக்கு, சம்பந்தர் அந்தக் குடத்தப் பாத்து இந்தத் திருவிழாவப் பாக்காமலே போறியாம்மா, அந்தத் திருவிழாவப் பாக்காமலே போறியாம்மான்னு ஒவ்வொரு பாட்டுலயும் கேக்குறாரு, அந்தப் பொண்ணு எந்திரிச்சு வருது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம்னு வரிசையா வரும். ஈப்போ குனோங் சீரோ முருகன் கோயில் தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் போவோம், அங்க கூட்டத்துல நிக்கும்போதெல்லாம் அம்மா மெதுவா "தைப்பூசம் காணாதே போதியோ பூம்பாவாய்"னு முணுமுணுப்பாங்க, அப்புறம் என்னப் பாத்து, இத பாத்தாச்சு பாப்பா, அங்க உள்ள பங்குனி மட்டும்தான் பாக்கிம்பாங்க. அந்த வார்த்தைய கேட்டுக் கேட்டு எனக்குத் தாங்கல.

எட்டு மாசம் முன்னாடியே பிளான் போட ஆரம்பிச்சேன். முதல்ல ஒரு ஏஜண்ட்கிட்ட கேட்டேன், அஞ்சு நாள்ல பதினாலு கோயில், காஞ்சிபுரம், மகாபலிபுரம், திருப்பதி எல்லாம் சேத்து ஒரு பேக்கேஜ் குடுத்தாங்க, அதுல மயிலாப்பூருக்கு முக்கால் மணி நேரம்! முட்டி வலியோட இருக்குற அம்மாவ பஸ்ல ஏத்தி எறக்கி ஏத்தி எறக்கி சாமிய எங்க கும்பிடுறது. வேணாம்னு சொல்லிட்டு நானே பண்ணேன்.

தேதிதான் பெரிய வேலை. பங்குனிப் பெருவிழா பத்து நாள், அதுல எட்டாம் நாள்தான் அறுபத்து மூவர். நட்சத்திரத்த வச்சு வர்றதால ஒரு வருஷம் மார்ச்ல வரும், ஒரு வருஷம் ஏப்ரல்ல வரும். பஞ்சாங்கத்துல பங்குனி உத்திரத்த பாத்துட்டு, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நாள் விட்டுத்தான் டிக்கெட் எடுத்தேன், மொத்தம் எட்டு நாள். யாராவது போறதா இருந்தா இப்படியே பண்ணுங்க, எட்டாம் நாளுக்கு முதல் நாள் போய் எறங்குற மாதிரி மட்டும் டிக்கெட் எடுத்துடாதீங்க. விசாவுக்கு ஆன்லைன்லயே போட்டாச்சு, அம்மா பாஸ்போர்ட்ட மட்டும் புதுசாக்க வேண்டியிருந்துச்சு. ரூம் விஷயத்துல நான் பிடிவாதமா இருந்தேன், மாட வீதிக்கு நடந்து போற தூரம், லிப்ட் இருக்கணும், மத்தது எப்படி இருந்தாலும் சரி. ஏன்னா அன்னிக்கு அந்தத் தெருவெல்லாம் வண்டி விட மாட்டாங்க, தூரத்துல ரூம் எடுத்தா வயசானவங்க திரும்பி வர்றதுக்குள்ள துவண்டு போயிடுவாங்க.

சிப்புட்ல இருந்து கோலாலம்பூர் ஏர்போர்ட் கேஎல்ஐஏவுக்கு கார்ல மூணு மணி நேரத்துக்கு மேல, அங்க இருந்து சென்னைக்கு ஒரு நாலு மணி நேரம். எறங்கினதும் அம்மா கடிகாரத்த ரெண்டரை மணி நேரம் பின்னாடி தள்ளச் சொன்னாங்க, தாத்தா ஊரு நேரத்துல இருக்கணுமாம்.

முதல் நாள் ஒரு தப்பு நடந்துச்சு. சாப்பிட்டு மெதுவா கிளம்பி மத்தியானம் ஒரு மணிக்குப் போய் நின்னா நடை சாத்தியிருக்கு. நம்ம ஊர்லயும் மத்தியானம் நடை சாத்துவாங்க, தெரிஞ்சும் அவசரத்துல யோசிக்கல. சாயங்காலம்தான் திறப்பாங்கன்னாங்க. அம்மா கோவப்படல, குளத்தோரமா நிழல்ல உக்காந்துட்டு கோபுரத்தயே பாத்துட்டு இருந்தாங்க, அப்பதான் முதல் தடவையா தாத்தா செத்த அன்னிக்கு நடந்தத எல்லாம் எனக்கு சொன்னாங்க. சாயங்காலம் உள்ள போயி மேற்கு பாத்து இருக்குற கபாலீஸ்வரர், கற்பகாம்பாள், புன்னை மரம், அம்பாள் மயிலா பூசை பண்ண சந்நிதி எல்லாம் கும்பிட்டுட்டு பூம்பாவை சந்நிதில வந்து நின்னோம். அம்மா பதிகம் முழுசையும் பாடுனாங்க. பூ கட்டுற ஒரு அக்கா கட்டுறத நிறுத்திட்டு கேட்டாங்க, எந்த ஊரும்மான்னாங்க, மலேசியான்னதும் ஒரு முழம் மல்லி எடுத்து அம்மா தலைல அவங்களே வச்சு விட்டாங்க, காசு வாங்கல.

நடுவுல திருவல்லிக்கேணி போனோம். மீசையோட நிக்கிற வேங்கடகிருஷ்ணன், முகத்துல பீஷ்மர் அம்பு பட்ட தழும்போட உற்சவர் பார்த்தசாரதி, அந்தத் தழும்பப் பாத்து அம்மா கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க. இன்னொரு நாள் மெட்ரோ ரயில் புடிச்சு திருவொற்றியூர் தேரடில எறங்கி வடிவுடையம்மன். அவ்வளவுதான், வேற எங்கயும் போகல.

திருவிழா எட்டாம் நாள். மத்தியானம் ரெண்டு மணிக்கே வீதியில ஒரு வீட்டு வாசப்படில எடம் கேட்டு அம்மாவ உக்கார வச்சேன், அந்த வீட்டுப் பாட்டி யோசிக்கவே இல்ல, வாங்கம்மான்னுட்டாங்க. தெரு நெடுக மோரும் பானகமும் சாப்பாடும் குடுத்துக்கிட்டே இருக்காங்க, யாருன்னு கேக்குறதே இல்ல. வெயில் கொளுத்துது, கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம், ஆனா வயசானவங்களப் பாத்தா ஒதுங்கி வழி விடுறாங்க. கோலவிழி அம்மன் வந்தாங்க, திருவள்ளுவர் வாசுகியோட வந்தாரு, கபாலி அம்பாளோட வந்தாரு, அப்புறம் பல்லக்கு பல்லக்கா நாயன்மார்கள். அம்மா ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. கண்ணப்பரே, காரைக்கால் அம்மையே, நந்தனாரேன்னு, அந்தத் திண்ணைல தாத்தா சொல்லிக் குடுத்த பேரு எல்லாம். சம்பந்தர் வந்தப்ப மட்டும் சத்தம் வரல. கையில கொண்டு வந்த தாத்தா போட்டோவ, பாஸ்போர்ட் சைஸ் கருப்பு வெள்ளைப் படம், ரெண்டு கையாலயும் தூக்கிப் புடிச்சாங்க. பல்லக்கு தாண்டிப் போற வரைக்கும் கைய எறக்கவே இல்ல, நான்தான் முழங்கைய தாங்கிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து பொட்டியப் பிரிக்கும்போது விபூதிய எடுத்து தாத்தா படத்துக்கு வச்சாங்க. அப்புறம், திருவொற்றியூர்ல சிவன் ஆதிபுரீஸ்வரருக்கு வருஷம் பூரா கவசம், கார்த்திகைப் பௌர்ணமில இருந்து மூணு நாள் மட்டும்தான் கவசத்த எடுத்துப் பாக்கலாம்னு அங்க சொன்னாங்களே பாப்பா, என் புது பாஸ்போர்ட் எந்த வருஷம் வரைக்கும் இருக்குன்னு பாத்து சொல்லுன்னாங்க.