தாத்தாவின் .32 பிஸ்டலுக்குத் தோட்டா வாங்கிய கதை

லைசென்ஸ் புத்தகத்தில் ஒரே ஒரு வார்த்தை தப்பு. அதைத் திருத்தவும், துப்பாக்கிக்குச் சரியான தோட்டா வாங்கவும் கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் சேலத்துக்குமாக அலைந்தே போன வருஷத்தில் பாதி ஓடிவிட்டது. வீட்டில் பழைய துப்பாக்கி லைசென்ஸோடு வைத்திருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

தாத்தா இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தவர். திரும்பி வந்தபின் ஓர் அதிகாரியிடம் முறைப்படி வாங்கியது இந்தப் பிஸ்டல். அமெரிக்காவின் கோல்ட் கம்பெனி தயாரிப்பு, 1903 மாடல், ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. அமெரிக்க ராணுவம் தன் ஜெனரல்களுக்குக் கொடுத்ததும் இதே ரகம்தான். தாத்தாவுக்குப் பிறகு அப்பா பெயரில் இருந்தது. அப்பா தவறியதும் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். வாரிசுச் சான்றிதழ், அத்தைகளின் சம்மதக் கடிதம், போலீஸ் விசாரணை, டாக்டர் சான்று, பயிற்சிச் சான்று எல்லாம் ஒழுங்காகவே முடிந்தன.

புத்தகம் கைக்கு வந்தது. பிரித்துப் பார்த்தால் '.32 ரிவால்வர்' என்று இருக்கிறது. .32 என்பது குழலின் அளவு, அது சரி. ஆனால் ரிவால்வர் என்றால் சுழலும் சிலிண்டரில் தோட்டா போடுவது. என்னுடையது பிடிக்குள் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) செருகும் பிஸ்டல்.

எங்கள் காவேரிப்பட்டினம் பக்கம் 1965 வரை சேலம் மாவட்டம், அப்புறம் தருமபுரி, 2004 முதல் கிருஷ்ணகிரி. தாத்தாவின் ஃபைலும் அதே வழியில் பயணம் போயிருக்கிறது. எங்கேயோ ஒரு நகலெடுப்பில் பிஸ்டல் ரிவால்வராகிவிட்டது. எந்த ஊரில் என்று தேடிப் பயனில்லை.

திருத்தக் கேட்டுப் போனால் செக்‌ஷன் கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரெண்டும் .32தானே சார், ரெண்டும் துப்பாக்கிதானே? நம்பர் சரியா இருக்குல்ல, போதும்." ஃபைல் வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அனுப்பினார். அங்கே போனால் மாவட்டம் பிரித்தபோதே அனுப்பிவிட்டோம் என்றார்கள்.

கிளார்க்குக்கு வேண்டுமானால் ரெண்டும் ஒன்றாக இருக்கலாம், துப்பாக்கிக்கு அப்படி இல்லை. முதலில் போன கடையில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு ரிவால்வர் தோட்டாவை எடுத்து வைத்து, "போட்டுப் பாருங்க, பழசுக்கெல்லாம் இதுதான்" என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். சேலத்தில் ஒரு பெரியவர் கடை. அவர் இரண்டு ரகத்தையும் கண்ணாடி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். பிஸ்டல் தோட்டாவின் பித்தளைக் கூடு 17 மில்லிமீட்டர். கட்டையாக, அடிவிளிம்பு லேசாகத்தான் வெளியே தெரிந்தது. ரிவால்வர் தோட்டாவின் கூடு 23 மில்லிமீட்டர், அடியில் தட்டு மாதிரி அகலமான விளிம்பு. அது என் மேகசினுக்குள் நுழையவே நுழையாது.

"உங்களுக்குப் பரவாயில்லை தம்பி, நுழையாதுங்கிறதால தப்பிச்சீங்க. மாத்திப் போட்டாத்தான் ஆபத்து" என்றார் அவர். பழைய .32 ரிவால்வர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: கட்டையான பிஸ்டல் தோட்டா பல ரிவால்வர்களின் சிலிண்டரில் சுலபமாக உட்கார்ந்துவிடும், வெடிக்கவும் செய்யும். ஆனால் ரிவால்வர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அளவில் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு. பிஸ்டல் தோட்டாவுக்கு 20,500. நூறு வருஷத்து இரும்பில் அந்தப் பரீட்சை வேண்டாம். '.32' என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். பிஸ்டலுக்கா ரிவால்வருக்கா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், டப்பாவையும் தோட்டாவின் அடியில் உள்ள முத்திரையையும் படியுங்கள்.

பெரியவர் தோட்டா தரவில்லை. புத்தகத்தில் ரிவால்வர் என்று இருக்கும்போது பிஸ்டல் தோட்டா விற்றால் அவர் ரிஜிஸ்டரும் என் புத்தகமும் ஒத்துப்போகாது. அவர் செய்ததுதான் சரி.

பெங்களூர் பக்கம்தானே, அங்கே போய் வாங்கேன் என்றார்கள் நண்பர்கள். என் லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் பிஸ்டலோடு நின்றால் கேஸ் என் மேல்தான். அகில இந்திய அனுமதி தனி விவகாரம்.

வேலையை முடித்தது ரெண்டு விஷயம். அப்பாவின் பீரோவில் கிடைத்த தாத்தாவின் பழைய லைசென்ஸ் புத்தகம் ஒன்று. அதில் மையால் தெளிவாகப் பிஸ்டல் என்றே இருந்தது. இன்னொன்று, ஸ்லைடின் (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) போட்டோ. 'கோல்ட் ஆட்டோமேட்டிக், காலிபர் 32 ரிம்லெஸ் ஸ்மோக்லெஸ்' என்று இரும்பிலேயே வெட்டியிருக்கிறது. ஆட்டோமேட்டிக் என்றால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல். இரண்டையும் இணைத்துத் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தேன். அதுவரை நகராத ஃபைல் அப்புறம் நகர்ந்தது. புத்தகத்தில் திருத்தினால் மட்டும் போதாது, ஆன்லைனில் உங்கள் அடையாள எண்ணுக்கு நேராகவும் மாறியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள்.

பீரோவில் ஒரு டின் நிறையப் பழைய தோட்டாவும் இருந்தது. சிலதில் பச்சைக் களிம்பு, ஒன்றில் குண்டு விரலால் அசைத்தாலே ஆடியது. கணக்கு எழுதி ஒப்படைத்து ரசீது வாங்கினேன். இதையெல்லாம் சுட்டுத் தீர்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றில் பிரைமரின் (தோட்டாவின் அடியில் உள்ள பற்றவைக்கும் மருந்து) உப்பு பேரலுக்குள், அதாவது குழலுக்குள், தங்கித் துருப்பிடிக்க வைக்கும் என்பது தனி.

புதிதாக வாங்கியது புனே பக்கம் கட்கியில் உள்ள அரசுத் தொழிற்சாலையின் தோட்டா, குண்டு முழுக்க உலோக உறை போட்டது. நுனி குழிந்த ரகம் இதற்கு ஆகாது. அது நீளம் குறைவு. மேகசினுக்குள் முன்னும் பின்னும் ஆடி, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். அடுக்கும்போதே மேல் விளிம்பு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். வேகம் கூடிய தோட்டாவும் வேண்டாம். இந்த மாடலில் ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான் அடியைத் தாங்குகின்றன. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று லைசென்ஸ் உள்ள மெக்கானிக் மாற்றிய பிறகே ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சி இடத்துக்கு, போனேன்.

அங்கே முதலில் மேகசினில் ஒரு தோட்டா மட்டும், அப்புறம் இரண்டு. தேய்ந்த துப்பாக்கி ஒரே இழுப்பில் இரண்டையும் விட்டுவிடும், அதைச் சோதிக்கத்தான். இழுத்தும் வெடிக்காவிட்டால் இலக்கைப் பார்த்தபடியே அரை நிமிஷமாவது பிடித்திருங்கள். சத்தம் 'பொத்'தென்று அடங்கி வந்தால் நிறுத்திவிட்டு, காலி செய்து, பேரலில் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. என் பிஸ்டல் எந்தத் தகராறும் செய்யவில்லை. காலிக் கூடுகள் ஒன்றுகூட உப்பவில்லை.

தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீதில் நம்பர், ரகம், தோட்டா எண்ணிக்கை மூன்றையும் படித்துவிட்டு வெளியே வாருங்கள். எனக்கு ஸ்டேஷன் ரைட்டர் (எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர்) நீட்டிய ரசீதில் 'ரிவால்வர்' என்றுதான் இருந்தது. நின்று அடித்துத் திருத்தி, கையெழுத்தோடு வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.