உசிலம்பட்டியிலிருந்து துபாய்க்கு: கிளம்பும் முன் நான் சரிபார்த்தவை

2022 கடைசியில், மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. எதிரே உட்கார்ந்திருந்தவர், "இந்தா தம்பி, உன் விசா" என்று ஒரு தாளை நீட்டினார். என் பெயர் சரியாக இருந்தது, பாஸ்போர்ட் எண்ணும் சரியாக இருந்தது. என் பையில் முப்பதாயிரம் ரூபாய் இருந்தது. மனைவியின் செயினை அடகு வைத்து வாங்கிய பணம். அதைக் கொடுத்தால் டிக்கெட் போட்டுவிடுவார். மீதித் தொண்ணூறாயிரத்தைக் கிளம்பும் நாளில் கொடுத்தால் போதும் என்று பேச்சு.

கூட வந்திருந்த என் தாய்மாமா அந்தத் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். விசா வகை என்ற இடத்தில் விரலை வைத்தார். 'டூரிஸ்ட்' என்று இருந்தது. 60 நாள்.

"எல்லாரும் அப்படித்தான் மாமா போறாங்க. அங்க போய் மாத்திக்கலாம், கம்பெனி ரெடியா இருக்கு" என்றார் அவர்.

"சரி தம்பி. உங்க லைசென்ஸ் நம்பர் என்ன?" என்று மாமா கேட்டார்.

"நான் மெட்ராஸ் ஆபீஸுக்கு ஆள் சேத்துக் குடுக்கிறவன் மாமா. லைசென்ஸ் அவங்ககிட்ட இருக்கு."

மாமா டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. உசிலம்பட்டி பஸ்ஸில் செக்கானூரணி தாண்டும்வரை அவரிடம் பேசவில்லை.

மாமா தொண்ணூறுகளில் சவூதிக்குப் போனவர். இறங்கிய அன்றே பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். எங்கள் அம்மாச்சி இறந்த செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்தபோது காரியமே முடிந்திருந்தது. முன்பே சேர்ந்திருந்தாலும் கிளம்பியிருக்க முடியாது. அதை அவர் யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. அன்று பஸ்ஸில் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "அங்க போய்ப் பாத்துக்கலாம்னு ஒருத்தன் சொன்னா, அங்க பாக்குறதுக்கு ஒண்ணும் இருக்காது மாப்ள. எல்லாத்தையும் இங்கயே பாத்துரு." நான் போய் வந்த கதை முழுக்க அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான்.

நான் ஐ.டி.ஐ. வயர்மேன். எட்டாவது முடித்தவர்களைச் சேர்க்கும் டிரேடு அது. நான் பத்தாவது தேறவில்லை. என் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகை. அதாவது அமீரகம், சவூதி, குவைத், கத்தார், ஓமன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 1983-ஆம் ஆண்டுச் சட்டம் அது. எங்கள் பக்கம் நிறைய பேர் இதை ஒரு தொல்லையாகத்தான் நினைக்கிறார்கள். அதைத் தாண்டிப் போகத்தான் சுற்றுலா விசா. எனக்கோ அந்த அனுமதிதான் முதல் கவசமாக இருந்தது. முதலாளி யார், சம்பளம் என்ன, எந்த ஏஜென்ட் என்பதெல்லாம் அரசாங்கத்தின் கணினியில் பதிவாகாமல் அந்த அனுமதி வராது. சுற்றுலா விசாவில் போய் வேலை பார்த்தால் அந்த நாட்டுச் சட்டப்படி நாம்தான் குற்றவாளி. சம்பளம் வரவில்லை என்று புகார் கொடுக்கக்கூட வாய் திறக்க முடியாது.

இ-மைகிரேட் என்ற அரசுத் தளத்தில் லைசென்ஸ் உள்ள ஏஜென்ட்களின் பட்டியல் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஆள் அனுப்புகிறவர்கள் என்று புகார் வந்தவர்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. முதலில் இரண்டாவதைப் பாருங்கள். டீக்கடைக்காரர் சொன்ன அலுவலகம் இரண்டிலுமே இல்லை. மாமாவும் நானும் இரண்டு ராத்திரி செல்போனில் தேடி, சென்னையில் லைசென்ஸ் நடப்பில் உள்ள ஒரு அலுவலகத்தைப் பிடித்தோம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிப் போய் நேரில் பார்த்தோம். லைசென்ஸ் சுவரில் மாட்டியிருந்தது, முகவரி பட்டியலில் உள்ளதுதானா, காலாவதித் தேதி என்ன என்று சரிபார்த்தோம். சட்டப்படி ஏஜென்ட் நம்மிடம் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்தான். ரசீது தர வேண்டும். அந்தத் தொகையைத்தான் கொடுத்தேன், வங்கி வழியாக. டீக்கடையில் கேட்டது ஒரு லட்சத்து இருபதாயிரம்.

அப்புறம் ஆஃபர் லெட்டர். இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றேன், நின்றதற்குப் பலன் கிடைத்தது. முதலில் அரபியும் ஆங்கிலமும் உள்ள தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அமீரகத்தில் 2016-லிருந்து இந்தக் கடிதம் தொழிலாளிக்குப் புரியும் மூன்றாவது மொழியிலும் இருக்க வேண்டும், அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. இதை ஷார்ஜாவில் இருக்கும் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் போனில் சொல்லியிருந்தார். "தமிழ்ல ஒண்ணு வேணும்ங்க" என்று கேட்டேன். நாலு நாள் கழித்து வந்தது.

நேர்முகத்தில் 1,500 திர்ஹாம் சம்பளம் என்றார்கள். தமிழ்க் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 1,000, படி 200 என்று இருந்தது. மீதி 300 எங்கே என்று கேட்டால், "அது சாப்பாட்டுக்கு, கம்பெனி மெஸ்" என்றார்கள். அது பொய்யில்லை, ஆனால் வீட்டுக்கு அனுப்பும் கணக்கே வேறாகிவிடுகிறது. வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடையையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதனால் அந்த வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் யோசித்து, ஒத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். விசா, டிக்கெட் செலவு முதலாளியுடையது என்பது அந்த ஊர்ச் சட்டம். அதையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மெடிக்கல், ஒரு நாள் பயிற்சி, இன்சூரன்ஸ் எல்லாம் சீக்கிரம் முடிந்தன. இன்சூரன்ஸைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று பெயர். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாயும் வரியும். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். இந்தத் தாள் நம் பெட்டியில் இருந்து பயனில்லை, வீட்டில் இருக்க வேண்டும்.

2023 சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு, அந்த மாதக் கடைசியில் கிளம்பினேன். முந்தின நாள் சாயங்காலம் பெட்டி கட்டினோம். அம்மா இரண்டு கிலோ கறிமசால் பொடி அரைத்து, மூன்று பாலித்தீன் பைக்குள் போட்டு வைத்திருந்தார். "கசகசா போட்டியாம்மா?" என்று கேட்டேன். "கசகசா இல்லாம கறிக்கொழம்பா?" என்றார். அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை. போதைப்பொருள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள், சமையலுக்கு என்று சொன்னாலும் எடுபடாது. வெற்றிலை, பான் வகைகளும் கூடாது. அம்மாவுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் அன்றைய பெரிய வேலை. ஒன்றும் பேசாமல் பொடியை எடுத்து அடுக்குச் சட்டியில் கொட்டிவிட்டு, மிளகாயும் மல்லியும் மட்டும் வறுத்து அன்று ராத்திரியே மறுபடி அரைத்துக் கொடுத்தார். முதுகுவலிக்கு நான் போடும் மாத்திரையை டாக்டரிடம் காட்டினேன். அதில் டிரமடால் இருந்தது. அதுவும் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. வேறு மாத்திரை எழுதித் தந்து, சீட்டில் பெயரைத் தெளிவாக எழுதினார்.

இருட்டின பிறகு பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஊறுகாய்ப் பாட்டில் இரண்டைக் கொண்டுவந்தார். அவருடைய மச்சான் துபாயில் இருக்கிறாராம், ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வாராம். பாட்டில் டேப் சுற்றி இறுக்கி ஒட்டியிருந்தது. அவரைக் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் பழக்கம். "பிரிச்சுப் பாத்துட்டு எடுத்துட்டுப் போறேண்ணே" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "சந்தேகப்படுறியா?" என்றார். வீட்டில் எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். அம்மாகூட "வாங்கிக்கப்பா" என்பதுபோலப் பார்த்தார். நான் வாங்கவில்லை. உள்ளே வெறும் மாங்காய் ஊறுகாயாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஏர்போர்ட்டில் என் பெட்டிக்குள் எது இருந்தாலும் அது என்னுடையது, நான் வெறும் சுமைகூலி என்று அங்கே யாரிடமும் சொல்ல முடியாது. அந்த அண்ணன் இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு, ஆனால் மறுபடியும் அப்படித்தான் செய்வேன்.

பாஸ்போர்ட், விசா, ஆஃபர் லெட்டர், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் கலர் ஜெராக்ஸ் மூன்று செட். ஒன்று மனைவியிடம், ஒன்று மாமாவிடம், ஒன்று என் பெட்டியில். போட்டோ எடுத்து என் மெயிலுக்கும் அனுப்பி வைத்தேன், போன் தொலைந்தாலும் இருக்கும். துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையம் 24 மணி நேரமும் இயங்கும், எண் 800 46342. நம் மாநிலத்தின் அயலகத் தமிழர் நலத்துறை எண் 1800 309 3793. இரண்டையும் மனைவி காலண்டருக்குப் பின்பக்கம் எழுதி வைத்தாள். பிறகு நாங்கள் இருவரும் ஒரு கேள்வி பேசி வைத்துக்கொண்டோம்: "வெள்ளச்சி எத்தன குட்டி போட்டுச்சு?" வெள்ளச்சி எங்கள் ஆடு. பதில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

மதுரையிலிருந்தே துபாய்க்கு நேர் விமானம். நாலு மணி நேரத்தில் இறங்கியாயிற்று. கேம்ப்பில் ஓர் அறைக்கு ஆறு பேர். மறுநாள் காலை சூப்பர்வைசர் சேட்டன் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். எல்லாரும் பாஸ்போர்ட்டை அதில் போட்டார்கள். மாமாவின் முகம் ஞாபகம் வந்தது. கை நடுங்கத்தான் செய்தது. "சேட்டா, காப்பி எத்தனை வேணும்னாலும் தர்றேன். ஒரிஜினல் எதுக்கு?" என்றேன்.

"விசா ஸ்டாம்பிங்குக்கு."

"ஸ்டிக்கர் ஒட்டுறத 2022-லயே நிறுத்திட்டாங்களே சேட்டா? இப்ப எமிரேட்ஸ் ஐ.டி.தானே?"

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஆபீஸில் கேட்டுச் சொல்வதாகப் போய்விட்டார். இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, காப்பி போதும் என்று வாங்கிக்கொண்டு போனார். சண்டையும் இல்லை, மிரட்டலும் இல்லை. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பதை அந்த ஊர்ச் சட்டம் அனுமதிப்பதில்லை, அவர்களுக்கும் அது தெரியும். அந்த வாரமே அறையில் இன்னும் மூன்று பேர் தங்களுடையதைத் திருப்பிக் கேட்டு வாங்கினார்கள். கத்திப் பேசியிருந்தால் இது நடந்திருக்காது என்று நினைக்கிறேன். சட்டம் தெரிந்து, மரியாதையாகக் கேட்டதால் நடந்தது.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12:30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது விதி. அதை எங்கள் சைட்டில் ஒழுங்காகவே கடைப்பிடித்தார்கள். ஆனால் ஆபத்து பத்து மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது. மொட்டை மாடியில் பேனல் மாட்டிக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு வியர்வை திடீரென்று நின்றுபோய், பேச்சுக் குழறியது. அது சூட்டு மயக்கத்தின் கடைசிக் கட்டம். நிழலுக்குத் தூக்கிவந்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, ஆம்புலன்ஸ் வரவழைத்ததால் பிழைத்தான்.

வாட்ஸ்அப்பில் செய்தி போகும், கால் போகாது. போட்டிம் என்ற செயலியில்தான் வீட்டுக்குப் பேசுவோம். ஆறாவது மாதம் மனைவிக்குப் புது எண்ணிலிருந்து ஒரு அழைப்பு. "உங்க வீட்டுக்காரர் போலீஸ்ல மாட்டிருக்காரு, வக்கீலுக்கு உடனே நாப்பதாயிரம் அனுப்புங்க" என்று தமிழில் ஒருவன். என் பெயர், கம்பெனி பெயர் எல்லாம் சொல்லியிருக்கிறான். பின்னால் ஒருவன் அழுகிற சத்தம்கூடக் கேட்டதாம். அவள் கை காலெல்லாம் ஓய்ந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாளாம். ஆனாலும், "அவருகிட்ட போனக் குடுங்க, வெள்ளச்சி எத்தன குட்டி போட்டுச்சுன்னு கேளுங்க" என்றிருக்கிறாள். போன் கட்டாகிவிட்டது. நான் அந்நேரம் சைட்டில் கண்டியூட்டுக்குள் வயர் இழுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது லீவில் வந்திருக்கிறேன். நேற்று எங்கள் தெருப் பையன் ஒருவன் ஒரு தாளோடு வந்தான். பி.எஸ்சி. முடித்தவன். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் எண்பதாயிரம் சம்பளமாம். நேர்முகம் டெலிகிராமில், ஐந்தே நிமிடம். விசா சுற்றுலா விசா. 2022-இல் மியான்மரின் மியாவாடியிலிருந்து நம் பிள்ளைகளை மீட்டு வந்தார்களே, அவர்களில் பலரும் தாய்லாந்து வேலை என்று சொல்லித்தான் கூட்டிப்போகப்பட்டார்கள். ஆற்றைக் கடத்திவிட்டு, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடித்தார்கள். பையனின் பாஸ்போர்ட் இ.சி.ஆர். இல்லை. அதனால் அவனை எந்த அலுவலகமும் நிறுத்திக் கேள்வி கேட்காது, அவனேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏஜென்ட் பெயரை இ-மைகிரேட்டில் அவன் கையாலேயே தேடச் சொன்னேன். இல்லை. ஏற்கெனவே இருபதாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டானாம்.

அவன் அப்பாவும் மாமாவும் நானும் நாளைக் காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போகிறோம், எஸ்.பி. ஆபீஸில் மனு கொடுக்க. பணம் அனுப்பிய ரசீதையும் டெலிகிராம் பேச்சையும் இரண்டு காப்பி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.