போதகரின் மனைவி ஓட்டிய கார்

இங்கிலாந்தில் பழைய கார் விற்பவர்கள் காரை மட்டும் விற்பதில்லை. கூடவே ஒரு போதகரின் மனைவியையும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். அந்த அம்மையார் காரைப் புதிதாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துக்கு மட்டும் ஓட்டிச் சென்று, மழைத்தூறல் விழுந்தால் வெளியே எடுக்காமல், மற்ற நாட்களில் போர்வையால் மூடி வைத்திருந்திருப்பார். இத்தனை போதகர்களுக்கு மனைவிமார் இருந்திருந்தால் இந்நாட்டுத் தேவாலயங்கள் இன்று காலியாகக் கிடக்க நியாயமேயில்லை. எனது 1957ஆம் ஆண்டு மொறிஸ் மைனருக்கும் அப்படியொரு அம்மையார் இருந்தார். "கோர்ன்வாலில் இருந்த கார், ஒரே கை, பிறந்த நாள் முதல் இதே இளம்பச்சை நிறம்" என்று விற்றவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். இலக்கத் தகட்டில் இருந்த ஏ.எஃப். என்ற எழுத்துகள் உண்மையிலேயே கோர்ன்வாலுக்கு உரியவை என்பதால், அவர் சொன்னதில் ஒன்றாவது மெய் என்று அன்றே தெரிந்தது.

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவருக்கு மொறிஸ் மைனரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. அறுபதுகளில் இலங்கையில் கார் இறக்குமதி இறுக்கப்பட்ட பின்னர், அதற்கு முன் வந்திறங்கிய மைனர்களும் ஒஸ்ரின் ஏ-40களும் தலைமுறை தலைமுறையாக ஓடின. கலியாணம், கோயில், ஆசுபத்திரி, இழவு என எதற்கும் அவையே வந்தன. அதன் பிறப்பு வரலாற்றை மட்டும் நான் லண்டனுக்கு வந்த பிறகுதான் படித்தேன். வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பின்னாளில் மினியை உருவாக்கியவரும் அவரே. 1948இல் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் வெளியானது. அதற்குச் சற்று முன்பு, அகலம் போதவில்லை என்று மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக அறுத்து, பாதிகளை நான்கு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து, "இதுதான் சரி" என்று இஸிகோனிஸ் முடிவு செய்தார். அந்த நான்கு அங்குலம் இன்றும் பொனற்றின் நடுவில் ஒரு தட்டையான பட்டியாகத் தெரியும். கம்பனியின் அதிபர் நஃபீல்ட் பிரபுவுக்கோ காரைக் கண்ணிலும் காட்ட முடியவில்லை. பார்ப்பதற்கு உடைத்து வெந்நீரில் அவித்த முட்டை போலிருக்கிறது என்று முகம் சுளித்தார். அந்த முட்டைதான் 1960ஆம் ஆண்டு டிசம்பரில், பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் ஆனது.

இந்தக் காரை வைத்திருப்பதில் ஒரு அற்ப சந்தோஷமும் உண்டு. நாற்பது ஆண்டுகளைக் கடந்த வாகனம் என்பதால் இதற்கு வீதி வரி இல்லை, ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை, லண்டனின் புகைக் கட்டணமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தமது டீசல் காரை வெளியே எடுக்கும் ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரைப் பவுண் கட்டிவிட்டுப் போகையில், நான் அவருடைய சன்னல் மறையும் அளவுக்குப் புகை விட்டுக்கொண்டு இலவசமாகப் போவேன். அவர் இப்போது என்னோடு காலநிலையைப் பற்றிக்கூடப் பேசுவதில்லை.

ஆனால் வரியில் மிஞ்சுகிற காசையெல்லாம் கார் வேறு வழியில் வாங்கிவிடும். முன் சக்கரங்கள் திரும்பும் மூட்டுகளுக்கு ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை கிறீஸ் அடிக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. மறந்தால் மூட்டின் புரி தேய்ந்து, ஒருநாள் சக்கரம் காருக்கடியில் மடிந்து உட்கார்ந்துவிடும். பற்றரியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும் என்பதை இக்காலத்துக் கராஜ் பையன்கள் நம்ப மறுக்கிறார்கள். நான் பக்கத்தில் நின்று காவல் காக்க வேண்டியிருக்கிறது. திரும்பும்போது பக்கத்துத் தூணிலிருந்து வெளியே எழவேண்டிய சிறு கைகாட்டி, நினைத்தால் எழும். எழுந்த பிறகு மடங்கவும் நினைக்க வேண்டும்.

இனி ஆராய்ச்சிக்கு வருகிறேன். என்ஜினுக்குப் பின்புறச் சுவரில் திருகியிருக்கும் தகட்டில், கார் இலக்கத்துக்கு முன்னால் சில எழுத்துகள் உண்டு. அக்கால மொறிஸ் வழக்கப்படி முதல் எழுத்து எந்தக் கார் என்பதையும், இரண்டாவது எந்த உடல் என்பதையும், மூன்றாவது என்ன நிறம் என்பதையும் காட்டும். பச்சைக்கு ஈ, என் தகட்டில் இருந்ததோ ஏ, அதாவது கறுப்பு. விற்றவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, தொழிற்சாலையில் எழுத்துத் தவறிப் போயிருக்கும் என்றார். ஆகவே வோரிக்‌ஷயரில் கெய்டன் என்ற இடத்தில் இருக்கும் பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். பழைய தொழிற்சாலைப் பேரேடுகளை அவர்கள் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பணம் கட்டினால் காரின் பிறப்புச் சான்றிதழ் வரும். வந்தது. கௌலியில் கட்டப்பட்டது, இரு கதவு, உள்நாட்டு விற்பனைக்கு, நிறம் கறுப்பு. எனக்குக்கூட இவ்வளவு தெளிவான பிறப்புச் சான்றிதழ் கிடையாது.

மிஞ்சியிருந்தது போதகரின் மனைவி. காரோடு வந்த பழைய மண்ணிறப் பதிவுப் புத்தகத்தில் ஒரே கை அல்ல, பல கைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று ஈரம் பட்டுக் கலங்கிய றப்பர் முத்திரை. அதில் 'பள்ளி' என்ற சொல் மட்டுமே வாசிக்கக்கூடியதாக இருந்தது. விற்றவரிடம் இதையும் கேட்டேன். கணமும் தயங்காமல், "ஞாயிறுப் பள்ளியாக இருக்கும், அந்தப் போதகர்தான் நடத்தியிருப்பார்" என்றார். பொய் சொல்வதிலும் இத்தனை ஒழுங்கு உள்ளவரை நான் கண்டதில்லை.

இந்த நிலையில்தான் மாமா, அதாவது என் மனைவியின் தகப்பனார், நெல்லியடியிலிருந்து விசா எடுத்து வந்து சேர்ந்தார். வாழ்நாள் முழுவதும் மைனரில் ஹயர் ஓடியவர். பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோலை ஊசியால் சில துளிகள் காபரேற்றரில் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி வடமராட்சியெங்கும் ஓட்டியவர். என் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பொனற்றைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கெய்டன் சான்றிதழைக் கண்ணாடி போட்டு வாசித்தார். பிறகு, "தம்பி, இவ்வளவு காசு குடுத்துப் பேப்பர் எடுத்தனீர், ஒருக்கா கிறீஸ் அடிச்சிருக்கலாமே" என்றார்.

அந்த மாதமே மனைவியின் ஒன்றுவிட்ட தம்பிக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை பழைய காரில் வந்திறங்கினால் படம் நன்றாக வரும் என்று படப்பிடிப்பாளர் ஆசை காட்ட, எவரும் என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டார்கள். இரு கதவுக் காரின் பின் இருக்கையில், முன் இருக்கையை மடித்து, தலைப்பாகையும் மாலையும் பட்டு வேட்டியுமாக ஒரு மாப்பிள்ளையை ஏற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பது படப்பிடிப்பாளருக்குத் தெரியாது. முதலில் தலைப்பாகை மட்டும் உள்ளே போனது. பிறகு அதன் சொந்தக்காரர். தோழன் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டான். முன்னால் என் இடப்புறத்தில் மாமா.

மண்டபத்துக்குப் போகும் வழியில், ஒரு பெரிய சுற்றுவட்டத்தின் சரியான நடுப்பகுதியில் கார் இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றது. பின்னால் ஒரு சிவப்பு பஸ். முகூர்த்தத்துக்கு அதிக நேரமில்லை. நான் ஸ்ராட்டர் குமிழை இழுத்து இழுத்துப் பார்க்க, மாமா கையை உயர்த்தி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். மைனரில் சாவியைப் போட்டவுடன் எஸ்.யூ. பம்ப் 'டிக் டிக்' என்று அடித்துப் பெற்றோலை இழுக்க வேண்டும். அதற்குள் இருக்கும் மின்தொடர்பு முனைகள், அதாவது பொயின்ற், ஒட்டிக்கொண்டால் தட்டித்தான் எழுப்ப வேண்டும். அன்று ஒரு சத்தமும் இல்லை. "பம்ப் அடிக்கேல்லை. பொயின்ற் ஒட்டிப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே இறங்கி, பொனற்றைத் தூக்கி, வேட்டியை மடித்துக் கட்டி, வலது காற் செருப்பைக் கழற்றினார்.

பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து நின்று படம் எடுத்தார்கள். தலைப்பாகை அணிந்த ஒருவர் உள்ளே அசையாமல் வீற்றிருக்க, வெளியே முதியவர் ஒருவர் செருப்பால் காரை அடிப்பதைப் பார்த்து, இது தமிழர் திருமணச் சடங்கின் ஓர் அங்கம் என்றே அவர்கள் எண்ணியிருப்பார்கள். அதற்குள் ஒரு பொலிஸ்காரரும் வந்துவிட்டார். இந்த நாட்டில் மொறிஸ் மைனர் எங்கே நின்றாலும், தாத்தா அதே காரை வைத்திருந்த ஒருவர் உடனே வந்து சேர்வார். அன்றைய தாத்தா பொலிஸ்காரருடையது. அவருடைய தாத்தா சுத்தியலின் கைப்பிடியால் தட்டுவாராம். மாமாவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். "செருப்புத்தான் நல்லம், பம்ப் நெளியாது" என்றார். இரண்டாவது தட்டில் டிக் டிக் கேட்டது. பொலிஸ்காரர் வாகனங்களை மறித்து வழிவிட, மாப்பிள்ளை ஏதோ மந்திரி போல மண்டபத்துக்குப் போனார்.

அந்தப் பயணத்தின்போது மாமா இன்னொன்றையும் கண்டுபிடித்திருக்கிறார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. காலையில் போய்ப் பார்த்தால் காரின் இடப்பக்கக் கம்பளம் முற்றத்தில் கிடக்கிறது. மாமா தலையை உள்ளே விட்டுக் குனிந்திருக்கிறார். முன்னால் இருந்தபோது பாதத்துக்கடியில் தகரம் பள்ளமாக இருப்பதை உணர்ந்தாராம். கம்பளத்துக்கடியில், எனது பக்கத்துப் பெடல்கள் தரையைத் துளைத்து இறங்கும் அதே ஒழுங்கில், ஆனால் பயணியின் பக்கத்தில், இரண்டு துளைகளைத் தகரத் துண்டுகளால் அடைத்துப் பச்சை மை பூசியிருந்தது. மாமா விரலால் சுரண்ட, பச்சைக்கடியில் கறுப்பு தெரிந்தது. "தம்பி, இதிலே ரெண்டு பக்கமும் கிளச்சும் பிறேக்கும் இருந்திருக்கு. இது ட்ரைவிங் பழக்கின கார்" என்றார்.

பதிவுப் புத்தகத்தை எடுத்து, அந்த முத்திரையைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தோம். 'பள்ளி' என்ற சொல்லுக்கு முன்னால் இருந்த மங்கலான கோடுகள், என்ன தேடுகிறோம் என்று தெரிந்த பிறகு, தாமாகவே 'மோட்டார்' என்று கூடி வந்தன. எந்தப் பழக்கமும் இல்லாத எத்தனையோ கால்கள் மிதித்த கிளச்சு; அதைத்தான் ஞாயிறு தோறும் தேவாலயத்துக்கு மட்டும் மெல்லப் போய்வந்தது என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள். விற்றவரை மூன்றாம் தடவையாக அழைத்தேன். சற்று யோசித்துவிட்டு, போதகரின் மனைவி ஓட்டப் பழகியது அங்கேயாக இருக்கும் என்றார்.

இப்போது வீட்டில் நடப்பது நிறச் சண்டை. பேரேடு கறுப்பு என்கிறது. மைனர் கழகத்து நண்பர்களும் கறுப்பே சரி என்கிறார்கள். மனைவியோ, கறுப்பு அடித்தால் அது செத்த வீட்டுக் கார், நல்ல காரியத்துக்கு வாசலில் நிற்கக் கூடாது என்கிறாள். மாமா இரண்டு பக்கமும் சேராமல், முதலில் பம்பின் பொயின்றை மாற்றும் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ஆவணியில் கலியாணம் வைத்திருக்கும் அந்தத் தோழன் நேற்று அழைத்தான். கார் கிடைக்குமா என்று அவன் கேட்கவில்லை. மாமாவுக்கு மறுபடியும் விசா எப்போது கிடைக்கும் என்று கேட்டான்.