ஐந்து நாள் கழித்து வாங்க

ஜூலை 7, திங்கள்

இன்றிலிருந்து எங்கள் பல் பிரிவு ஓ.பி.யில் மருந்துகளைப் பற்றிப் படிக்கும் ஃபார்ம் டி பிள்ளைகள் நான்கு பேர். மூன்று வாரம் இருப்பார்களாம். ஒரு நாற்காலிக்கு என்னைப் போல் பயிற்சியில் இருக்கும் ஒரு ஹவுஸ் சர்ஜன், ஒரு ஃபார்ம் டி. நோயாளியை இரண்டு பேரும் சேர்ந்து விசாரிக்க வேண்டும், மருந்துச் சீட்டு மேடத்திடம் போகும் முன் அவர்களும் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒன்பதரை மணிக்கே வராந்தா நிரம்பி வழிகிற நாளில் இது வேறா என்று இருந்தது. எனக்கு வந்தவள் வாய்க்குள் டார்ச் அடித்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். நோயாளி இல்லை, இவள்.

ஜூலை 8, செவ்வாய்

நான் கேட்பது: "பி.பி., சுகர், ஹார்ட் ஏதாவது இருக்கா?" பதில் எப்போதும் "ஒண்ணுமில்ல டாக்டரம்மா."

இவள் அப்படிக் கேட்பதே இல்லை. "பையில இருக்கிற மாத்திரையெல்லாம் மேசையில கொட்டுங்க" என்கிறாள். ஒன்றுமில்லாத ஒரு அம்மாவின் மஞ்சப்பையிலிருந்து ஆறு அட்டை விழுந்தன. மாத்திரை போடுவதால் பி.பி. இப்போது இல்லையாம். அதுவும் சரிதான்.

பி.பி. மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துப் பார்த்தவள் "அம்லோடிபின்! ஈறைக் காட்டுங்கம்மா" என்றாள். பல்லுக்குப் பல் நடுவே ஈறு உப்பிக்கொண்டு நின்றது. நான் அழுக்குச் சேர்ந்த வீக்கம் என்று ஸ்கேலிங் எழுதி முடித்திருந்தேன். பக்க விளைவுப் பட்டியலில் வருஷக்கணக்காக மனப்பாடம் செய்ததை இன்றுதான் ஒரு வாயில் பார்க்கிறாளாம். கண்ணை மூடவே இல்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது என்று அந்த அம்மாவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டு, அதை எழுதிக்கொடுத்த டாக்டருக்கு ஒரு கடிதம் தயார் செய்தோம்.

வெள்ளிக்கிழமை வந்த கட்டம் போட்ட சட்டைக்காரர் நினைவில் வந்துகொண்டே இருக்கிறார்.

அதே நாள், இரவு

ஏன் என்று தெரிந்துவிட்டது. வெயிலுக்கு மேல் பட்டனைத் திறந்துவிட்டிருந்தார். கழுத்துக்குக் கீழே, நடுவில், ஒரு கோடு. இதய ஆபரேஷன் தழும்பா? பூணூலா? நிழலா?

நான் எழுதிக்கொடுத்தது: கிருமித் தொற்றுக்கு அமாக்ஸிசிலின் 500, மெட்ரோனிடசோல் 400, மூன்று வேளை. "வீக்கம் வடியட்டும். ஐந்து நாள் கழித்து வாங்க, பிடுங்கிடலாம்."

ஜூலை 9, புதன்

வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

பாட்டி ஒருத்தி. இதயத்தில் மைட்ரல் வால்வை மாற்றி உலோக வால்வு வைத்தவர். கடைவாய்ப் பல் ஆடுகிறது, எடுக்க வேண்டும். ரத்தம் கட்டாமலிருக்கக் கொடுக்கும் அசிட்ரோம் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்றதற்குத் தலையை நன்றாகவே ஆட்டினார். இவள் அட்டையை வாங்கி, மருந்து வாங்கிய தேதியை நோட்டில் பார்த்து, மாத்திரையை எண்ணினாள். நான்கு மிச்சம்.

"பல்லு புடுங்குனா ரத்தம் நிக்காதுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க தாயி. அதான் நிறுத்திட்டேன்."

ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற கணக்கு, 1.4. அந்த வால்வுக்கு 2.5-லிருந்து 3.5 வரை இருக்க வேண்டும். 3.5-க்குள் இருந்தால் மருந்தை நிறுத்தாமலே பல் எடுத்துவிடலாம். தையல் போட்டு, பஞ்சைக் கடிக்க வைத்தால் கசிவு நின்றுவிடும். நிறுத்தினால்தான் வால்வில் ரத்தம் கட்டும். பல் அப்படியே இருக்கட்டும் என்று பாட்டியைச் சக்கர நாற்காலியில் இதயப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். திரும்பி வரும்போது, வால்வில் கிருமி தொற்றாமலிருக்க, பல் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் அமாக்ஸிசிலின் 2 கிராம் என்று கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன். அதைச் சொன்னது நான். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. எதற்கு இதைப் பதிகிறேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கேன்டீனில் சும்மா கேட்பதுபோல் கேட்டேன்: அசிட்ரோம் சாப்பிடுகிறவருக்கு மெட்ரோனிடசோல் கொடுத்தால்? டீயைக் கீழே வைத்துவிட்டாள். கல்லீரல் அசிட்ரோமை உடைப்பதை அது தடுக்கும், மருந்து உடம்பிலேயே தங்கும், சில நாளில் ஐ.என்.ஆர். எகிறும், பல்லே எடுக்காவிட்டாலும் எங்கேயாவது ரத்தம் கசியும் என்றாள். எனக்குத் தெரியாததா? இரண்டாம் வருஷப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் ஓ.பி.யில் கை தன் போக்கில் எழுதுகிறது. அமாக்ஸ்மெட்ரோ. எங்களுக்கு அது ஒரே சொல்.

யாருக்காகக் கேட்டேன் என்று சொல்லவில்லை.

ஜூலை 11, வெள்ளி

அவருடைய கேஸ் ஷீட்டைத் தேடி எடுத்தேன். முந்தைய நோய்கள்: "ஒன்றுமில்லை." என் கையெழுத்து, அழகாக இருக்கிறது. கைபேசி எண்ணில் ஒன்பது இலக்கம்தான்.

ஜூலை 12, சனி

பாட்டி கேஸை எல்லோர் முன்னும் வைத்தோம். கண்டுபிடித்தது யார் என்று சார் கேட்டபோது "நாங்க ரெண்டு பேரும்" என்றாள். கை தட்டினார்கள். சாப்பாடு இறங்கவில்லை.

வெளியே டீக்கடையில் ஒருவர் அவளிடம், ஃபார்ம் டி என்றால் மெடிக்கல் ஷாப் வைக்கிற படிப்பா என்று கேட்டார். ஆறு வருஷம் படிக்கிறாள். எனக்கு வழக்கமாக வருவது "எம்.பி.பி.எஸ். கிடைக்கலையா?" அதைச் சொல்லிச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் கட்டம் போட்ட சட்டையைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

ஒன்றும் ஆகியிருக்காது என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "விட்டுப்போனது கடைசி நம்பரா இருந்தா பத்துத் தடவை போட்டா போதும்ல?"

ஜூலை 13, ஞாயிறு

சைபரிலிருந்து நான்கு வரை அவள், மற்றதெல்லாம் நான். மூன்று எண்கள் உபயோகத்திலேயே இல்லை. ஒருவர் லோன் வேண்டாம் என்று திட்டினார். ஒரு குழந்தை எடுத்து, வைக்கவே இல்லை. எட்டில் முடிவது மட்டும் மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. நான்கு தடவை.

ஐந்து நாள் மருந்து எப்போதோ முடிந்திருக்கும். வலி நின்றதும் பாதியில் விட்டிருப்பார். பாதிப் பேர் அப்படித்தானே. முழுசாகச் சாப்பிடுங்கள் என்று எல்லோரிடமும் தொண்டை கிழியச் சொல்கிறவள், இவர் சாப்பிட்டிருக்கக்கூடாதே என்று படுத்துக்கொண்டு வேண்டுகிறேன்.

ஜூலை 14, திங்கள்

கட்டம் போட்ட சட்டை இன்று நான்கு பேர். அவர் இல்லை. நான்கு பேரிடமும் சட்டைப் பட்டனைக் கழற்றச் சொன்னேன், ஒருவர் முறைத்தார். மேசையில் ஒரே அட்டைக் குவியல். பக்கத்து நாற்காலிக்காரர்களும் கொட்டச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

மதியம் எட்டுக்கு மறுபடி போட்டேன். பிசி.